தொடர்கதை ஆலோசனை: மனதைப் பழக்கி வைத்த அரசை எதிர்க்கும் பெண், களம் நம்ம தருமபுரி–கிருஷ்ணகிரி

தொப்பூர்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு அறிபுனைத் தொடரை இங்கே வைக்கிறேன், தயவு பார்க்காமல் அடியுங்கள். மூன்று பாகம். காலம் இன்னும் எழுபது எண்பது வருடம் கழித்து. தொப்பூர்க் கணவாய்க்கு வடக்கே ஓசூர் வரை ஒரே மண்டலம், சுற்றிலும் வேலி, உள்ளே ஆலை, விடுதி, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் ஒரே நிர்வாகம். ஆறு வயதில் பிள்ளைகளைப் பயிலகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மணி ஒலித்தால் எழ வேண்டும், மணி ஒலித்தால் சாப்பிட வேண்டும், ஒலிபெருக்கிக் குரல் கேட்டால் கைவேலையை விட்டுவிட்டு நிற்க வேண்டும், வேலியைப் பார்த்தால் வயிறு கலங்க வேண்டும். பதினெட்டு வயதில் வெளியே வரும்போது அவர்களைக் காவல் காக்க ஆளே தேவைப்படாது.

நாயகி பெயர் வேடி. வேடியப்பன் கோயில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போதைக்கு வைத்திருக்கும் கதை: குடிதண்ணீரில் ஃபுளோரைடு மாதிரி ஏதோ ஒன்றைக் கலந்து மக்களை மந்தமாக்கி வைத்திருக்கிறார்கள். வேடி தற்செயலாகச் சில நாள் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இருக்கிறாள், மூளை தெளிகிறது, உண்மை தெரிகிறது, கலகம். முதல் பாகம் முடிவில் ஒலிபெருக்கிக் கோபுரம் வெடிக்கிறது. இரண்டாம் பாகம் போர், மூன்றாம் பாகம் வெற்றி. ஆனால் எழுத உட்கார்ந்தால் நாலாவது அத்தியாயத்திலேயே எல்லாம் தீர்ந்துபோகிற மாதிரி இருக்கிறது. தெளிந்த பிறகு அவளுக்குள் நடக்க என்ன மிச்சம்? பழகிப்போன மனம் உண்மையில் எப்படி உடையும்? இதைப் பற்றிப் படித்தவர்கள், பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சின்னாற்றங்கரை:
தம்பி, கதை பிடித்திருக்கிறது, ஆனால் அந்த ஃபுளோரைடை முதலில் தூக்கிப் போடுங்கள். அமெரிக்காவில் பல்லுக்கு நல்லது என்று தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கிறார்கள், அங்கே அதை வைத்து மூளையை மழுக்குகிறார்கள் என்று புரளி கிளப்பினார்கள், படங்களில் எல்லாம் வந்துவிட்டது. நம் ஊரில் அதை எவனும் கலக்கவில்லை, பாறையிலிருந்து தானாக ஊறி வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது கணக்கு. அதைத் தாண்டிய போர் தண்ணீரைக் குடித்தே வளர்ந்து பல் பழுப்பேறி, வயதானபின் முட்டியும் முதுகும் மடங்காமல் போனவர்கள் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். இதற்காகத்தான் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே போட்டு 2013-இல் திறந்தார்கள். பென்னாகரத்துக்காரி ஒருத்தி உங்கள் முதல் அத்தியாயத்தைப் படித்தால் "இவனுக்கு எங்க அப்பா பல்லு தெரியாதா" என்று மூடி வைத்துவிடுவாள்.

அதைவிட நல்ல சரக்கு உங்கள் கையிலேயே இருக்கிறது. இத்தனை ஊருக்கும் ஒரே ஆற்றிலிருந்து ஏற்றி வருகிற ஒரே தண்ணீர். வால்வு யார் கையில் இருக்கிறதோ ஊர் அவர் கையில். மருந்தே வேண்டாம். மணி அடித்தால் தண்ணீர் வரும், அவ்வளவுதான். எப்போது விடுவார்கள் என்று தெரியாமல் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் சொந்தக்காரர் கல்யாணம் நடந்தும் போகாமல் உட்கார்ந்திருந்த பொம்பளைகளை நான் பார்த்திருக்கிறேன், நானும் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். குழாய் புஸ்ஸென்று காற்று விட்டால் தூக்கத்திலேயே கால் எழுந்து ஓடும். இதற்கு மேல் என்ன பழக்கம் வேண்டும் உங்களுக்கு?

வகுப்புக்கு வெளியே:
அக்கா பாதி உளவியல் பாடத்தை முடித்துவிட்டார். நான் கல்லூரியில் அதைத்தான் நடத்துகிறேன், மீதியை நான் சொல்கிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழாய்ச் சத்தத்துக்கு எழுந்து ஓடுவது பாவ்லவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி நாய்களிடம் காட்டியது. மெட்ரோனோம் (டிக் டிக்கென்று சீராகத் தட்டும் கருவி) தட்டினால் சோறு என்று பழக்கினார், பிறகு சோறில்லாமல் தட்டும் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறியது. எப்போது வரும் என்று தெரியாததால் இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பது ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களிடம் காட்டியது. ஒவ்வொரு முறை கொத்தும்போதும் தீனி விழுந்து பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரம் விட்டுவிடும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்றே தெரியாமல் பழகிய புறா, தீனி நின்ற பிறகும் கொத்திக்கொண்டே கிடக்கும். அதனால் உங்கள் மண்டலத்து நிர்வாகம் தண்ணீரைச் சரியான நேரத்துக்கு விடவே கூடாது. விட்டால் அது நல்ல அரசாங்கம் ஆகிவிடும், கட்டுப்பாடும் தளர்ந்துவிடும்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. பழக்கம் எப்படி உடையும்? மெட்ரோனோம் தட்டிக்கொண்டே இருங்கள், சோறு போடாதீர்கள், எச்சில் குறைந்து குறைந்து நின்றுவிடும். சரி, அழிந்துவிட்டதா என்றால் இல்லை. கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி தட்டினால் எச்சில் திரும்ப வரும். பழைய பாடம் அழிவதில்லை, அதன் மேல் "இப்போது சோறு வராது" என்ற புதுப் பாடம் ஏறி உட்காருகிறது. மறுபடி இரண்டு மூன்று தடவை சோறு போட்டால் போதும், பழையது முதல்முறையைவிட வேகமாகத் திரும்பிவிடும். ஆகவே "மூளை தெளிந்தது, உண்மை தெரிந்தது" என்று ஒரே அத்தியாயத்தில் முடிக்க உங்களுக்கு உரிமை கிடையாது. வேடிக்கு உண்மை தெரிந்த பிறகும் மணி அடித்தால் அவள் கால் எழுந்து நிற்கும். மூன்றாம் பாகத்திலும் நிற்கும். உங்கள் தொடருக்குச் சரக்கு அங்கே இருக்கிறது.

இன்னொன்று, இதை எந்தக் கதைக்காரனும் விடக்கூடாது. 1924-இல் லெனின்கிராடில் பெரிய வெள்ளம். பாவ்லவின் நாய்க் கூண்டுகளுக்குள் தண்ணீர் ஏறி, நாய்கள் மூக்கை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு தவித்துக் கடைசி நேரத்தில் காப்பாற்றப்பட்டன. பிறகு பார்த்தால் சில நாய்களுக்கு வருடக்கணக்கில் பழக்கியது போயிருந்தது. ஆய்வுக்கூடக் கதவடியில் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டாலே அவை மறுபடி தடுமாறின. நம்மிடம் காவிரி இருக்கிறது, ஒகேனக்கல் இருக்கிறது. மேலே கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் திறந்துவிட்டால் இங்கே அருவியே தெரியாத அளவுக்கு ஏறும், பரிசலை நிறுத்திவிடுவார்கள். உங்கள் நீரேற்று நிலையம் ஒரு ஆடியில் மூழ்கட்டும். மணி அடிக்கும், தண்ணீர் வராது. அதுதான் உங்கள் தொடக்கம்.

ஓசூர் ஷிப்ட்:
சார் பாடம் நன்றாக இருந்தது. ஆனால் நாய், புறா என்று போய்க்கொண்டிருந்தால் கதையில் மனுஷனே இருக்க மாட்டான். நான் சொல்கிறேன், நாங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறினதும் தூங்கிவிடுவோம், மொத்த பஸ்ஸும் தூங்கும், கேட்டுக்கு முந்தின வளைவில் யாரும் எழுப்பாமல் எல்லோரும் கண் திறப்போம். எங்களை எவனும் ஆறு வயதில் தூக்கிக்கொண்டு போகவில்லை. அந்த வேலைக்கு ஆள் பிடித்து, சிபாரிசு பிடித்து, நாமக்கட்டி போட்டு வேண்டிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள்.

அதனால் வேடியின் அம்மா பயிலகத்துக்கு ஆதரவாக இருக்க வேண்டும். அழுதுகொண்டே அனுப்புகிற அம்மா வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முன்னால் என் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்கிற அம்மா. வேலிக்கு வெளியே மழை இல்லாத காடும் கேழ்வரகுக் கூழும் இருக்கிறது என்றால் உள்ளே போகத்தான் கூட்டம் நிற்கும். உங்கள் கதையில் வேலி வெளியே இருப்பவர்களைத் தடுக்கவும் இருக்க வேண்டும்.

பழையபேட்டை:
எதற்கு இவ்வளவு சுற்று? ஒரு மெஷின், நினைவை அழித்துப் புதிதாக எழுதிவிடுகிறார்கள் என்று வைத்தால் முடிந்தது. அறிபுனைதானே. வாசகனுக்கு வேகம் வேண்டும்.

வகுப்புக்கு வெளியே:
பழையபேட்டை, அந்த மெஷினைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க உளவுத்துறை சிஐஏ 1953-இல் எம்கே-அல்ட்ரா என்று ஒரு ரகசியத் திட்டம் ஆரம்பித்து, ஆட்களுக்குத் தெரியாமலே எல்எஸ்டி என்ற போதை மருந்தைக் கொடுத்தது வரைக்கும் போனார்கள். கனடாவில் மான்ட்ரியாலில் கேமரன் என்ற மனநல மருத்துவர் அந்தப் பணத்தில் நோயாளிகளுக்கு ஏகப்பட்ட மின்னதிர்ச்சி கொடுத்து, மருந்தில் தூங்க வைத்து, ஒரே வாக்கியத்தைப் பதிவு நாடாவில் ஓயாமல் ஓடவிட்டார். பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவதாகத் திட்டம். அழிந்தது, சிலருக்குப் பெற்ற பிள்ளை அடையாளமே போனது. புதியது எதுவும் எழுதப்படவில்லை. 1973-இல் பெரும்பாலான கோப்புகளை அழிக்கச் சொல்லி உத்தரவு, 1975-இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் விஷயம் வெளியே வந்தது.

உங்கள் மண்டலத்துக்கு இது பயன்படும். நிர்வாகம் ஒரு தலைமுறைக்கு முன்னால் அழிக்கிற வேலையைச் செய்து பார்த்து, கிடைத்தது உதவாத ஆட்கள் என்று கண்டு, அதைக் கைவிட்டுத் தண்ணீருக்கும் மணிக்கும் வந்தார்கள் என்று வையுங்கள். அந்தப் பழைய ஆட்கள் சிலர் எங்கேயோ ஒரு விடுதியில் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

பழைய விடுதி மாணவன்:
பயிலகம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் படித்தது மார்க்குக்குப் பேர்போன ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில், பெயர் வேண்டாம், நம் பக்கத்தில் பிராய்லர் பள்ளி என்றால் எல்லோருக்கும் விளங்கும். விடிவதற்கு முன் மணி, ஸ்டடி ஹவர், டெஸ்ட், மறுபடி ஸ்டடி ஹவர். சினிமாவில் காட்டுகிற மாதிரி வார்டன் பிரம்போடு அலையவில்லை. சத்தம் போடாமல் நின்று பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் பன்னிரண்டாவது வந்தபோது பதினொன்றாவது பையன் ஜன்னல் வழியே பஸ்ஸை வேடிக்கை பார்த்தால் அதைப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறவன் நானாக இருந்தேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை.

லீவில் வீட்டுக்கு வந்தால் ஒன்பது மணி வரை தூங்குவேன். மணியும் கிடையாது, பயமும் கிடையாது, எல்லாம் விட்டுப்போயிற்று என்று நினைப்பேன். திரும்பிப் போகும் பஸ் டோல்கேட்டைத் தாண்டினால் போதும், வயிறு இறுகும். அங்கேயே, அந்த இடத்திலேயே. வெளியே வந்து வேலைக்குப் போய் எவ்வளவோ ஆன பிறகும் அந்தச் சாலையில் போனால் அப்படித்தான்.

உங்கள் நாயகி வேலியைத் தாண்டி மலைப்பக்கம் போய் ரொம்பத் தைரியமான ஆளாக ஆகலாம். திரும்பி உள்ளே காலெடுத்து வைத்ததும் ஆறு வயதுப் பிள்ளை ஆகிவிட வேண்டும். அப்போதுதான் நம்புவேன்.

வகுப்புக்கு வெளியே:
அப்படியே நடக்கும். பழக்கியது ஒரு இடத்தில், விட்டுப்போனது வேறொரு இடத்தில் என்றால், பழைய இடத்துக்குத் திரும்பினதும் அது முழுசாக எழுந்து நிற்கும். எலிகளிடம் கூண்டை மாற்றிப் பார்த்தே இதை நிறுவியிருக்கிறார்கள்.

தொப்பூர்க்காரன்:
கண் கட்டுகிறது. நான் நாலு பதில் வந்தால் பெரிது என்று நினைத்தேன். வெள்ளம் உறுதி. மணி அடிக்கும், தண்ணீர் வராது, அங்கிருந்து தொடங்குகிறேன். வேடியின் அம்மா மாறிவிட்டாள், ஓசூர் ஷிப்ட் சொன்ன மாதிரி பெருமை பேசுகிற அம்மா.

ஆனால் ஒரு இடத்தில் நிற்கிறேன். தண்ணீர் வரவில்லை என்றால் எல்லோரும் இன்னும் பயந்து இன்னும் அடங்கித்தானே போவார்கள்? முதல் ஆள் எப்படி மறுக்கிறான்? வேடிக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்? அவளுக்குப் பிறவியிலேயே மூளையில் ஏதோ வித்தியாசம் என்று வைக்க எனக்கு இஷ்டமில்லை, அந்த வகைக் கதை ஆயிரம் இருக்கிறது.

வகுப்புக்கு வெளியே:
வேடியை முதல் ஆளாக வைக்காதீர்கள். இரண்டாவது ஆளாக வையுங்கள்.

1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மில்கிராம் என்ற உளவியலாளர் ஆரம்பித்த ஆய்வு தெரிந்திருக்கும். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் மின்னதிர்ச்சி கொடு, ஒவ்வொரு தப்புக்கும் கூட்டு என்று ஆய்வு நடத்தும் அதிகாரி சொல்வார். அதிர்ச்சி பொய், அலறல் நடிப்பு, பொத்தானை அமுக்குகிறவருக்கு மட்டும் அது தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். எல்லோரும் இதோடு நிறுத்திக்கொண்டு மனுஷனே இப்படித்தான் என்று பெருமூச்சு விடுவார்கள். அவரே செய்த இன்னொரு வடிவத்தை யாரும் சொல்வதில்லை. கூட உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் (அவர்களும் நடிகர்கள்) நடுவில் "நான் மாட்டேன்" என்று எழுந்துவிடுகிறார்கள். அப்போது கடைசி வரை போனவர்கள் 40-இல் நாலே பேர். அதிகாரி அதே அதிகாரி, மிரட்டல் அதே மிரட்டல்.

அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே ஆஷ் என்பவர் கோடுகளை வைத்துச் செய்ததும் இதே பக்கம்தான் நிற்கிறது. எந்தக் கோடு இதே நீளம் என்று கேட்கும்போது அறையில் எல்லோரும் கூடிப் பேசிவைத்துத் தப்பான கோட்டைக் காட்டினால், மாட்டிக்கொண்ட ஒருவர் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு தடவை கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு போனார். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான கோட்டைச் சொன்னால் போதும், இவரும் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்.

ஆகவே முதல் ஆளுக்குக் காரணம் தேடி மண்டையை உடைக்காதீர்கள். கிழவரோ, குடிகாரரோ, காது கேளாதவரோ, யாரோ ஒருவர் மறுக்கிறார். அவர் ஏன் மறுத்தார் என்று கதை கடைசி வரை சொல்லவே வேண்டாம். அதைப் பார்த்தவள் வேடி.

சின்னாற்றங்கரை:
அந்த ஆள் தண்ணீர் விடுகிறவர். டேங்க் ஆபரேட்டர். காது மந்தம், அதனால் மணி அவருக்குச் சரியாகக் கேட்காது, கடிகாரம் பார்த்துத்தான் திறப்பார். வெள்ளத்துக்குப் பிறகு தொட்டியில் அடியில் கொஞ்சம் இருக்கிறது, மேலே அனுமதி வரவில்லை, ஜனம் குடத்தோடு நிற்கிறது. அவர் மணி அடிக்காமலே வால்வைத் திறந்துவிடுகிறார். ஆனால் ஒருத்தரும் குடத்தை நகர்த்தவில்லை. மணி அடிக்கவில்லையே! தண்ணீர் சாக்கடையில் ஓடுகிறது, எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வேடி மட்டும் குடத்தைக் கொண்டுபோய் வைக்கிறாள்.

எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது, இதை நான் எழுதியிருக்க வேண்டும், போகட்டும், எடுத்துக்கொள்ளுங்கள்.

தொப்பூர்க்காரன்:
அக்கா, அர்ப்பணிப்புப் பக்கத்தில் உங்கள் பெயர்தான்.

தளிக்காட்டு ராகி:
நடுவில் ஒரு விஷயம். யாராவது யானைக் குட்டியைச் சின்னக் கயிற்றில் கட்டிப் பழக்கினால் பெரிதான பிறகும் கயிற்றை அறுக்காது என்ற கதையை வேடி வாயில் வைத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வாரம் ஒருவர் அனுப்புகிறார். எங்கள் பக்கம் வந்து யானையைப் பாருங்கள். மழைக்குப் பிறகு பன்னார்கட்டா பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை காடுகளுக்கு வரும், கேழ்வரகு பால் பிடிக்கும் நேரம் அவற்றுக்கு நன்றாகத் தெரியும். ராத்திரி பரணில் காவல் இருப்போம். பட்டாசு போட்டால் முதலில் ஓடும். போகப் போக நின்று பார்க்கும். அப்புறம் வெடிக்கிற வெடிக்குத் தின்றுகொண்டே காதை மட்டும் ஆட்டும். சத்தத்தைத் தவிர ஒன்றும் நடக்காது என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் மண்டலத்து ஒலிபெருக்கிக்கும் அந்தக் கதி வர வேண்டும். கோபுரத்தை வெடி வைத்துத் தகர்க்காதீர்கள். அது கத்திக்கொண்டே இருக்கட்டும், ஜனம் அதன் கீழே உட்கார்ந்து களி தின்னட்டும். நிர்வாகத்துக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

ஆனால் நிர்வாகமும் முட்டாள் இல்லை. பட்டாசுக்கு மசியாத யானைக்குக் கும்கியைக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் பாகத்தில் கும்கி யார்?

பழைய விடுதி மாணவன்:
கும்கி நான்தான், ஹா ஹா. அதாவது சொல்லிக்கொடுக்கிற சீனியர். வேடியோடு ஒரே அறையில் வளர்ந்தவனை அனுப்பி அவளைக் கூட்டிவரச் சொல்வார்கள். அவன் கெட்டவன் இல்லை, அவளுக்கு நல்லது செய்வதாகவே நினைப்பான்.

அரூர் டீச்சர்:
இதுவரை படித்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் கலகம் என்றால் ஒரு நாள், ஒரு வெள்ளம், ஒரு குடம் என்று பேசுகிறீர்கள். எங்கள் தாலுகாவில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாம் சேர்ந்து போய் அந்த மலைவாழ் மக்கள் ஊரை நாசம் செய்தார்கள், 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. 2023-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காக்கிச் சட்டையைக் கண்டால் காட்டுக்குள் ஓடிப் பழகிய ஜனம், அந்தக் காக்கிக்கு எதிரே நின்று சாட்சி சொல்லியிருக்கிறது. பத்தொன்பது வருடம் வழக்கு நடந்திருக்கிறது. அவ்வளவு காலமும் பயம் போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? சார் சொன்னாரே, கால் தானாக எழுந்து நிற்கும் என்று, அந்தக் காலோடுதான் போயிருக்கிறார்கள்.

வாச்சாத்தியை உங்கள் கதைக்குள் வேஷம் மாற்றி வைக்கச் சொல்லவில்லை, தயவுசெய்து வைக்க வேண்டாம், அது அவர்களுடையது. மூன்றாம் பாகத்தில் போர், வெற்றி என்று போட்டிருக்கிறீர்களே, அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்காகச் சொன்னேன். வேடி மூன்றாம் பாகத்தில் கிழவியாக இருக்கலாம்.

ஓசூர் ஷிப்ட்:
டீச்சர் சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல. ஆனால் கிழவியை வைத்து ஒரு பாகம் முழுக்க வழக்கு நடத்தினால் எவன் படிப்பான் என்பதையும் யோசியுங்கள்.

அரூர் டீச்சர்:
நான் படிப்பேன். ஓசூரில் இருக்கிறவர்களுக்குத்தான் எல்லாவற்றுக்கும் ஷிப்ட் முடிகிற நேரம் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேடியப்பன் பெயரை வைத்துவிட்டு நடுகல்லைத் தொடாமல் போகாதீர்கள். நம் பக்கம் வயலிலும் ஏரிக்கரையிலும் வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிற கற்கள் பல, ஆநிரை மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு நட்ட கல். பல்லவர் காலத்துக் கற்களில் எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சி ஆண்டு, யார் தொறு (அதாவது ஆநிரை) மீட்டுப் பட்டான் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். கும்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது யார் என்று தெரியாது. டேங்க் ஆபரேட்டர் முதல் பாகத்தில் சாகிறார் என்றால் அவருக்கு ஜனம் ஒரு கல் நடும். இரண்டாம் பாகத்தில் நிர்வாகம் அதை இடிக்க வேண்டாம், அதற்கு மணி அடித்துப் பூசை செய்ய ஆரம்பிக்கட்டும். யார் என்று ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லாமல் ஆக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

பழையபேட்டை:
சரி, மெஷினை நான் வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இந்தக் கல் சமாச்சாரம் அதைவிட வில்லத்தனமாக இருக்கிறது. ஒரு கேள்வி. வேடி குடத்தை வைத்தாள், சரி. மற்றவர்கள் எப்படி வருவார்கள்? ஒலிபெருக்கியைப் பிடித்து ஒரு வீரவசனம் பேசுவாளா? அந்த ஒரு காட்சியாவது வேண்டும்.

வகுப்புக்கு வெளியே:
வசனத்துக்கு வர மாட்டார்கள். 1967-இல் செலிக்மன், மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு ஒன்று, கொடூரமானது, இன்று அனுமதிக்க மாட்டார்கள். தப்ப வழியே இல்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்கள், பிறகு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற இடத்திலும் பெரும்பாலும் தாண்டவில்லை, படுத்துக்கொண்டன. அந்தப் பக்கம் சோற்றைப் போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. கடைசியில் கயிற்றைக் கட்டி இழுத்து அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். திரும்பத் திரும்ப இழுத்த பிறகு, இழுக்கத் தேவையான பலம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் தானே தாண்டின.

ஐம்பது வருடம் கழித்து, 2016-இல், அதே இருவர் மூளை ஆய்வுகளைப் பார்த்துவிட்டு விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தில் படுத்துக்கொள்வது மூளைக்குக் கற்றுக்கொடுக்காமலே வருவது. "என்னால் இதை நிறுத்த முடியும்" என்பதுதான் கற்க வேண்டியது. உங்கள் தொடருக்கு இது பெரிய விஷயம். மண்டலம் அடங்கிப்போவதைக் கற்றுக்கொடுத்தது, வேடி அதை அழிக்கிறாள் என்ற கதையை விடுங்கள். மண்டலம் ஒன்றே ஒன்றைக் கற்க விடாமல் தடுத்தது, வேடி அதைக் கற்பிக்கிறாள். எப்படி என்றால் கையைப் பிடித்து. பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக் குடத்தில் வைத்து, குடத்தைக் குழாயடியில் வைத்து, தண்ணீர் விழுவதை அவள் பார்க்கும்வரை விடாமல் பிடித்துக்கொண்டு. ஊர் முழுக்க, ஒவ்வொருத்தராக. முதல் பாகம் அதிலேயே போய்விடும்.

பழையபேட்டை:
கையைப் பிடித்து இழுத்தால் பயிலகம் செய்வதும் அதுதானே? வேடியும் பழக்கத்தானே செய்கிறாள்?

வகுப்புக்கு வெளியே:
ஆமாம். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதைத் தொப்பூர்க்காரர் இரண்டாம் பாகத்தில் எழுதட்டும்.

தொப்பூர்க்காரன்:
எழுதுகிறேன். இதுவரை கையில் இருப்பது: முதல் பாகம் வெள்ளம், ஆபரேட்டர், குடம், கைபிடித்து இழுப்பது. கோபுரம் வெடிக்காது. கடைசியில் நீரேற்று நிலையம் சரியாகி, மணி அடித்து, தண்ணீர் வருகிறது. பாதி ஊர் திரும்ப வரிசைக்குப் போய்விடுகிறது, வேடியின் காலும் எழுந்துவிடுகிறது. வில்லன் குண்டு போடத் தேவையில்லை, தண்ணீர் விட்டால் போதும். இரண்டாம் பாகம் வேலிக்கு வெளியே தளி, தேன்கனிக்கோட்டைக் காடு. அங்கே வேடியைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்து, அவர்களும் ஒரு மணி கட்டிவிடுகிறார்கள், பழையபேட்டை கேட்ட கேள்வி அங்கே வெடிக்கும். கும்கி வருகிறான். அங்கே வீட்டுக்கு வீடு தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுவார்கள், மண்டலத்துக் கட்டளை எல்லாம் தமிழில் என்பதால் அவர்களிடம் அது எடுபடாது என்று ஒரு எண்ணம். மூன்றாம் பாகம் கிழவி வேடி, டீச்சர் சொன்ன நீண்ட காலம். ஓசூர் ஷிப்ட் படிக்கிற மாதிரி எழுதுவேன் என்று நம்புகிறேன்.

முதல் மூன்று அத்தியாயம் முடித்ததும் இங்கேயே போடுகிறேன். ஆபரேட்டருக்குப் பெயர் வேண்டுமா, வேண்டாமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

சின்னாற்றங்கரை:
பெயர் வேண்டும், ஆனால் ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது. தண்ணி விடுறவர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஓசூர் ஷிப்ட்:
அவர் நிரந்தரமா, ஒப்பந்தமா? அதை முடிவு பண்ணிவிட்டு எழுதுங்கள். நிரந்தரம் என்றால் அந்த வால்வை அவர் திறந்தார் என்று நான் நம்ப மாட்டேன்.